மருத்துவரை அளக்கும் கோல்: சிகிச்சைப் பிழை வழக்குகளின் இந்திய வரலாறு

சிகிச்சையில் நேர்ந்த பிழைக்காக மருத்துவரை வழக்குமன்றத்தில் நிறுத்தி இழப்பீடு கோரும் வழக்கம் 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோடுதான் இந்தியாவில் தோன்றியது என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் பொதுமக்களிடமும் பரவலாக உண்டு. வழக்குகளின் பெருக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த எண்ணத்தைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன்பு இத்தகைய வழக்குகள் அரிதாகவே மேல்நீதிமன்றங்களை எட்டின. எனினும் மருத்துவர் தவறினாரா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது, அவருடைய தொழிலைச் சேர்ந்தவர்களா அல்லது அத்தொழிலுக்கு வெளியே நிற்பவர்களா என்ற கேள்வி மிகப் பழையது. அரசனுக்குக் கட்டும் தண்டம், குற்றவியல் வழக்கு, உரிமையியல் வழக்கு, நுகர்வோர் புகார் என வழக்கின் வடிவம் காலந்தோறும் மாறியபோதிலும், நீதிபதிகளை உண்மையில் அலைக்கழித்தது இந்த ஒரு கேள்வியே.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் மருத்துவரைப் பற்றிய விதிகளை நெசவாளர், வண்ணார், பொற்கொல்லர் முதலிய தொழிலாளரைக் கண்காணிக்கும் அத்தியாயத்திலேயே வைத்திருக்கிறது. மருத்துவம் தனி உயர்வு பெற்ற தொழில் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. உயிருக்கு ஆபத்தான சிகிச்சையை அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் மேற்கொண்டு நோயாளி இறந்தால் மருத்துவருக்கு முதல்நிலைத் தண்டம். சிகிச்சையின் பிழையால் இறந்தால் அதனினும் கூடிய நடுநிலைத் தண்டம். மர்மத் தானம் (உயிர்நிலை) சிதைந்து உறுப்புக்குக் கேடு வந்தால் அது உடலைத் தாக்கிய குற்றத்துக்கு நிகராக விசாரிக்கப்படும். மனுநூலும் விலங்குக்குத் தவறாகச் சிகிச்சை செய்தவருக்குக் குறைந்த தண்டத்தையும், மனிதருக்கு அவ்வாறு செய்தவருக்கு நடுத்தரத் தண்டத்தையும் விதிக்கிறது. தண்டம் என்பது அரசனுக்குச் சேரும் அபராதம். உயிரையோ உறுப்பையோ இழந்த குடும்பத்துக்கு அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. நூலில் விதித்தவையெல்லாம் நாட்டில் நடந்தன என்று கொள்வதற்கும் இல்லை. ஆயினும் இவ்விதிகளில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு: ஆபத்தை முன்கூட்டி அறிவித்த மருத்துவரையும் அறிவிக்காத மருத்துவரையும் இவை வேறுபடுத்துகின்றன. மருத்துவ நூலான சுசுருத சங்கிதையும், சிறுநீர்ப்பைக் கல்லுக்கான அறுவையைப் பற்றிச் சொல்லும் இடத்தில், செய்யாவிட்டால் சாவு உறுதி, செய்தால் விளைவு ஐயத்துக்குரியது, ஆகவே உரிய தலைவரிடம் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும் என்ற கருத்தைக் கூறுகிறது. போலி மருத்துவர் மக்களைக் கொல்வதற்கு அரசனின் குறையே காரணம் என்று வேறோரிடத்தில் பழியை ஆட்சியாளர் மீதும் சுமத்துகிறது.

ஆங்கிலேயர் கொணர்ந்த சட்டமுறை இதிலிருந்து முற்றிலும் வேறான ஓர் இடத்தில் தொடங்கியது. மெக்காலே தலைமையிலான குழு 1837-இல் வரைந்து, 1860-இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம், மருத்துவரைத் தண்டிப்பதைவிட அவருக்குக் காப்பளிப்பதிலேயே முதலில் அக்கறை காட்டியது. இறப்பை உண்டாக்கும் நோக்கமின்றி, நோயாளியின் நன்மைக்காக, அவருடைய இசைவோடு, நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்று 88-ஆம் பிரிவு கூறியது. அதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டே ஓர் அறுவை மருத்துவரைப் பற்றியதுதான். இசைவு பெற இயலாத நெருக்கடிக்கு 92-ஆம் பிரிவு உதவியது. நோயாளியிடம் அவர் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு சொல்ல, அந்த அதிர்ச்சியிலேயே நோயாளி இறந்தாலும் மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்னும் அளவுக்கு 93-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு போனது. சட்டம் இயற்றியவர்கள் எந்த வர்க்கத்து மனிதரை மனத்தில் கொண்டு எழுதினார்கள் என்பதை இந்த எடுத்துக்காட்டுகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. கண்மூடித்தனத்தாலோ கவனக்குறைவாலோ இறப்பை உண்டாக்குவதைக் குற்றமாக்கும் பிரிவு 1837-இன் வரைவில் இருந்தபோதிலும் 1860-இன் சட்டத்தில் இடம்பெறவில்லை. அது 1870-இல்தான் 304ஏ என்ற எண்ணோடு சேர்க்கப்பட்டது. இரண்டாண்டு வரையிலான சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்பது அதற்கான தண்டனையாக இருந்தது.

அந்தப் பிரிவில் முதலில் சிக்கியவர்களுள் ஒருவர் மருத்துவக் கல்லூரியையே பார்த்திராதவர். 1887-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், சுகாரு என்னும் கவிராஜர் (வங்காளத்து நாட்டு வைத்தியர்) ஒருவருடைய உள்மூலத்தைச் சாதாரணக் கத்தியால் அறுத்தெடுக்க, குருதிப்போக்கு நிற்காமல் நோயாளி இறந்துபோனார். இதே அறுவையை முன்பும் செய்து வெற்றி கண்டிருப்பதையும், நோயாளி இசைந்தே உட்பட்டதையும் கவிராஜர் தரப்பு எடுத்துச் சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; முறையான அறுவைக் கல்வி இல்லாதவர் இத்தகைய ஆபத்தான செயலில் இறங்குவதை நல்லெண்ணம் என்று கொள்ள முடியாது என்றும், ஆகவே 88-ஆம் பிரிவின் காப்பு அவருக்கு இல்லை என்றும் முடிவு செய்து 304ஏ பிரிவின்கீழ்க் குற்றவாளியாக்கியது. கத்தியின் பிழையோடு கத்தியைப் பிடித்தவரின் கல்வியும் அங்கே விசாரணைக்கு உள்ளாயிற்று. பட்டறிவால் கற்ற வைத்தியரும் பட்டம் பெற்ற மருத்துவரும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு ஆகிவிட்ட இடம் அது. பின்னர் சென்னை மாகாணத்தில் 1914-இலும், அதையொட்டிய ஆண்டுகளில் பிற மாகாணங்களிலும் மருத்துவர் பதிவுச் சட்டங்கள் வந்தபோது இவ்வேறுபாட்டுக்குப் பதிவேடு என்னும் உருவமும் கிடைத்தது. விடுதலைக்குப் பிறகும் இந்த நோக்கு தொடர்ந்தது. நரம்புச் சிலந்திக்கு மருந்து கேட்டு வந்த பெண்ணுக்கு, அதன் விளைவை ஆராயாமல் ஊமத்தை கொடுத்துச் சாகவிட்ட மத்தியப் பிரதேசத்து ஓமியோபதி மருத்துவர் ஒருவரைக் கீழ்நீதிமன்றம் கொலைக் குற்றவாளி என்றது. உச்ச நீதிமன்றம் அதை 304ஏ என்று மாற்றி இரண்டாண்டுச் சிறையாகக் குறைத்தது. 1996-இல் முடிவான ஒரு பம்பாய் வழக்கில், ஓமியோபதி பயின்றவர் அலோபதி மருந்துகளைக் கொடுத்ததையே, வேறு சான்று தேவைப்படாத கவனக்குறைவு என்று அதே நீதிமன்றம் கூறியது.

ஆனால் குற்றவியல் வழக்கு நோயாளியின் குடும்பத்துக்குப் பொதுவாகப் பணம் எதையும் பெற்றுத் தருவதில்லை. அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும். ஒப்பந்தம் இல்லாத இடத்திலும் ஒருவர் மற்றவருக்குக் காட்ட வேண்டிய கவனத்தில் தவறி இழப்பு உண்டாக்கினால் ஈடு செய்ய வேண்டும் என்னும் ஆங்கிலேயப் பொதுச்சட்டப் பிரிவு தீங்கியல் எனப்படும். அது இந்தியாவில் சட்டமாக எழுதப்படாமல் தீர்ப்புகளின் வழியாகவே வந்து சேர்ந்தது. இறந்தவரின் குடும்பம் வழக்காட வழிசெய்யும் சட்டம் ஒன்று 1855-லேயே இயற்றப்பட்டிருந்தது. எனவே கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போனவர்கள் குறைவு. கேட்கும் தொகைக்கு ஏற்ப உயரும் நீதிமன்றக் கட்டணம், ஆண்டுக் கணக்கில் நீளும் விசாரணை, ஒரு மருத்துவருக்கு எதிராக இன்னொரு மருத்துவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல மறுக்கும் தொழில் ஒற்றுமை ஆகியவை ஒருபுறம். சிகிச்சையின் முடிவை விதியின்மேல் போட்டுவிடும் மனநிலை மறுபுறம். இந்த இரண்டாவது காரணத்தை எழுத்தாளர்கள் பெரிதுபடுத்துவதுண்டு. பின்னாளில் கட்டணமில்லாத மன்றங்கள் திறந்தவுடன் மக்கள் வந்து குவிந்ததைப் பார்க்கும்போது, தடுத்தது விதியின் மேலிருந்த நம்பிக்கையைவிட வழக்குச் செலவே என்று கொள்வது பொருத்தமாக இருக்கும்.

அந்த அரிய உரிமையியல் வழக்குகளுள் தலையாயது 1953-இல் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதம் இரத்தினகிரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் நேர்ந்த விபத்தில் 20 வயது இளைஞர் ஒருவருக்கு இடது தொடை எலும்பு முறிந்தது. உள்ளூரில் கட்டுப்போட்டு, நெடுந்தொலைவு வண்டியில் கொண்டுவந்து, பூனாவில் பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவரிடம் சேர்த்தார்கள். முழு மயக்கம் கொடுக்காமல், மார்பியா ஊசி ஒன்று மட்டும் போட்டுவிட்டு, உதவியாளர்களைக் கொண்டு வலுவாக இழுத்து எலும்பைப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டதாகக் குடும்பம் கூறியது. அன்று இரவே இளைஞர் இறந்துபோனார். எலும்பிலிருந்து கசிந்த கொழுப்பு குருதிக் குழாயை அடைத்ததால் நேர்ந்த சாவு என்று மருத்துவர் வாதிட்டார். விசாரணை நீதிமன்றம், மயக்கமின்றிப் பயன்படுத்திய மிகையான விசையால் உண்டான அதிர்ச்சியே காரணம் என்று கண்டு 3,000 ரூபாய் இழப்பீடு விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய, 1968 மே மாதம் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. இடையில் 15 ஆண்டுகள் ஓடியிருந்தன. வழக்குத் தொடுத்த தந்தை தாமும் ஒரு மருத்துவர் என்பது இங்கு முக்கியமானது. தொழிலின் உட்புறம் அறிந்த, சாட்சியத்தின் மொழி புரிந்த, செலவைத் தாங்கக்கூடிய ஒருவரால் மட்டுமே அக்காலத்தில் அவ்வளவு தூரம் போக முடிந்தது. அத்தீர்ப்பு மருத்துவரின் கடமையை மூன்றாகப் பகுத்துச் சொன்னது: நோயாளியை ஏற்பதா என்று முடிவெடுப்பதில் கவனம், எந்தச் சிகிச்சை என்று தேர்வதில் கவனம், அதைச் செய்வதில் கவனம். மிக உயர்ந்த திறமையையோ மிகக் குறைந்த திறமையையோ சட்டம் எதிர்பார்ப்பதில்லை, நியாயமான அளவு திறமையும் அக்கறையுமே வேண்டும் என்ற அதன் வரையறை பிற்கால வழக்குகள் பலவற்றுக்கு அடித்தளமாயிற்று.

அரசு மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. இறையாண்மைச் செயலின்போது ஊழியர் செய்யும் தவறுக்கு அரசு பொறுப்பாகாது என்னும் கோட்பாடு வழக்கு ஒன்றை ஒட்டி 1861-இல் உருவானது. 1965-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 1963 சூலையில் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் மகப்பேற்றுக்குப் பின் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றுக்குள் துணி ஒன்று விடப்பட்டு, சீழ் பிடித்து அவர் இறந்தார். விசாரணை நீதிமன்றம் 36,000 ரூபாய் விதித்தது. உயர் நீதிமன்றம் அரசுக்குப் பொறுப்பில்லை என்று அதைத் தள்ளிவிட்டது. மருத்துவமனை நடத்துவது மக்கள் நலப் பணி, அது இறையாண்மைச் செயலாகாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை மீட்டது 1996-இல். பெண் இறந்து 33 ஆண்டுகள் கழித்து. வயிற்றுக்குள் துணி விடப்பட்டதை விளக்க எந்த வல்லுநரும் தேவையில்லை. இத்தகைய நிலையில் நிகழ்ச்சியே கவனக்குறைவுக்குச் சான்றாக நிற்கும், தவறவில்லை என்று காட்டும் பொறுப்பு மருத்துவமனையின் பக்கம் போய்விடும். சட்டத்தில் இதைத் தானே பேசும் நிகழ்ச்சி என்னும் கோட்பாடாகக் குறிப்பிடுவர்.

நிகழ்ச்சி தானே பேசாத வழக்குகளில்தான் சிக்கல். அவற்றுக்கான அளவுகோலை இந்திய நீதிமன்றங்கள் இலண்டனிலிருந்து எடுத்துக்கொண்டன. 1954-இல் ஃப்ரியன் மனநல மருத்துவமனையில் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல், உடலைப் பிடித்துக்கொள்ளவும் ஆளில்லாமல், மின்னதிர்ச்சி அளிக்கப்பட்ட நோயாளிக்கு இடுப்பெலும்புகள் முறிந்தன. தசைதளர்த்தி கொடுப்பதா வேண்டாமா என்பதில் அக்கால மருத்துவர்களிடையே இரண்டு கட்சிகள் இருந்தன. 1957-இல் இவ்வழக்கை விசாரித்த நீதிபதி மெக்நேர், அத்துறையில் பொறுப்புள்ள ஒரு சாரார் முறையானது என்று ஏற்கும் வழியில் மருத்துவர் நடந்திருந்தால், வேறொரு சாரார் அதை மறுப்பதாலேயே அவர் கவனக்குறைவானவர் ஆகமாட்டார் என்று நடுவர்களுக்கு அறிவுறுத்தினார். நோயாளியின் பெயரால் போலம் அளவுகோல் என்று அறியப்படும் இது, அளக்கும் கோலை மருத்துவர்களின் கையிலேயே கொடுத்துவிட்டது என்ற குறை அப்போதிருந்தே உண்டு. எந்தத் தொழிலிலும் தவறான பழக்கம் ஒன்றை ஒரு சாரார் சேர்ந்து காப்பது அரிதான செயலன்று. 1997-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையே, அப்படிப்பட்ட கருத்து தர்க்கத்துக்கு நிற்கிறதா என்று நீதிபதி சோதிக்கலாம் என ஒரு கடிவாளம் போட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் கடிவாளமில்லாத பழைய வடிவத்தையே பயன்படுத்தி வந்திருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் 1986 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறையுள்ள பொருளையும் சேவையையும் பற்றி, கட்டணம் ஏதுமின்றி, வழக்கறிஞர் துணையும் இன்றி மாவட்ட அளவிலான நுகர்வோர் மன்றத்தில் புகார் செய்ய அது வழிவகுத்தது. மருத்துவம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. விலை கொடுத்துப் பெறும் எந்தச் சேவையும் அடங்கும், இலவசச் சேவையும் தனிப்பட்ட பணி ஒப்பந்தமும் அடங்கா என்பதே வரையறை. திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றைப் பற்றிய முறையீட்டில் 1992 ஏப்ரலில் தேசிய நுகர்வோர் ஆணையம், கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை சேவையே என்று தீர்ப்பளித்தது. மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. நோயாளி வாடிக்கையாளர் அல்லர், மருத்துவம் வாணிகம் அன்று, மருத்துவரை விசாரிக்க மருத்துவ மன்றம் இருக்கிறது என்பன அவர்களின் வாதங்கள். மருத்துவ மன்றம் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாமே தவிர, பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் வாங்கித்தர முடியாது என்பதை அவ்வாதம் சொல்லாமல் விட்டுவிட்டது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு 1994-இல் மருத்துவர்களின் பக்கம் சாய்ந்தது. நோயை அறிதலும், மருந்தாலோ அறுவையாலோ சிகிச்சை செய்தலும் சட்டம் கூறும் சேவையாகா, நோயாளி நுகர்வோரும் ஆகார். ஆனால் மருத்துவமனைகள் அதனோடு சேர்த்துத் தரும் துணைச் சேவைகளுக்கு அந்த விலக்கு கிடையாது என்று அது பிரித்தது. நுட்பமான பிரிவினைதான், நடைமுறையில் எப்படிச் செல்லுபடியாகும் என்று எண்ணிப் பார்த்தால் தடுமாற்றமே மிஞ்சும். ஒரே அறுவையில் செவிலியரின் தவறு நுகர்வோர் மன்றத்துக்கும் மருத்துவரின் தவறு உரிமையியல் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருந்திருக்கும். இத்தீர்ப்பின் மேல்முறையீடும், தேசிய ஆணையத் தீர்ப்பின் மேல்முறையீடும், இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த மனுவும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முன் வந்தன. 1995 நவம்பர் 13 அன்று நீதிபதி எஸ். சி. அகர்வால் எழுதிய தீர்ப்பு சென்னையின் கருத்தை ஒதுக்கியது.

அத்தீர்ப்பின் வலிமை அதன் பொறுமையான பகுப்பில் இருக்கிறது. மருத்துவம் போன்ற அறிவுத்தொழிலில் வெற்றி தொழிலர் கையை மீறிய காரணங்களையும் சார்ந்தது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. அதனால் அவரை அளக்கும் முறை வேறுபடலாம், அளக்கவே கூடாது என்று ஆகாது என்கிறது. எசமானின் ஆணைப்படி வேலை செய்யும் ஊழியரின் ஒப்பந்தம் வேறு, தம் அறிவைக் கொண்டு தாமே முடிவெடுத்துச் செயல்படும் தொழிலரின் ஒப்பந்தம் வேறு. மருத்துவர் இரண்டாம் வகை, எனவே சட்டத்தின் விலக்குக்குள் வரமாட்டார். மருத்துவமனைகளை அது மூன்றாக வகுத்தது. எல்லாருக்கும் இலவசமாகச் செய்பவை சட்டத்துக்கு வெளியே. பெயரளவுப் பதிவுக் கட்டணம் வாங்குவதால் அந்நிலை மாறாது. எல்லாரிடமும் கட்டணம் வாங்குபவை உள்ளே. சிலரிடம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில், இலவச நோயாளியும் நுகர்வோரே. ஏனெனில் கட்டுபவரின் பணத்தில்தான் கட்டாதவரின் சிகிச்சையும் நடக்கிறது, ஏழைக்குக் குறைந்த தரம் போதும் என்ற எண்ணத்துக்குச் சட்டம் துணைபோகாது. நுகர்வோர் மன்ற உறுப்பினருக்கு மருத்துவம் தெரியாது என்ற வாதத்துக்கும் விடை இருந்தது: தவறான உறுப்பை அகற்றுவதையோ ஒவ்வாமை என்று தெரிந்தும் அதே மருந்தைக் கொடுப்பதையோ புரிந்துகொள்ள மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை, சிக்கலானவற்றை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம். அப்படி அனுப்பும் வழியையும் 2002-இல் இன்னொரு தீர்ப்பு பெரிதும் சுருக்கி, மன்றங்களே வல்லுநர் சாட்சியத்தைப் பெற்று விசாரிக்கலாம் என்றது. முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனையின் நோயாளி மட்டும் மன்றத்தின் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். நாட்டின் மிக ஏழைகளுக்கு நீதியின் மலிவான வழி மூடப்பட்டதே இத்தீர்ப்பின் பெருங்குறை.

அடுத்த பத்தாண்டுகளில் வழக்குகள் பல திசைகளில் பெருகின. பெற்றோரும் நுகர்வோரே, பிள்ளைக்கு நேர்ந்த கேட்டால் அவர்கள் படும் மனத்துயருக்கும் தனி இழப்பீடு உண்டு என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. செவிலியர் போட்ட தவறான ஊசியால் மூளை செயலிழந்த குழந்தையின் வழக்கு அது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் பின்னும் கருவுற்ற பெண்களின் வழக்குகள் ஒரு தனி வரிசையாக வந்தன. இரு கருக்குழாய்களுள் ஒன்றை மட்டும் அறுத்துவிட்டு முடிந்தது என்று சான்று கொடுத்த அரியானா மருத்துவரின் செயலுக்கு 2000-இல் அரசு ஈடு செய்ய நேர்ந்தது. சரியாகச் செய்தும் இயற்கையாகக் குழாய் மீண்டும் இணைந்தால் அது கவனக்குறைவாகாது என்று 2005-இல் எல்லை வரையப்பட்டது.

இதே காலத்தில் இன்னொரு வழக்கம் வேரூன்றியது. இழப்பீட்டுப் பேச்சுக்கு மருத்துவரை இறங்கிவரச் செய்யக் காவல் நிலையத்தில் 304ஏ பிரிவில் முதல் தகவல் அறிக்கை போடவைப்பது எளிய வழியாகிவிட்டது. 1995 பிப்ரவரியில் லூதியானா மருத்துவமனை ஒன்றில் இரவில் மூச்சுத் திணறிய முதிய புற்றுநோயாளிக்கு மாட்டிய ஆக்சிஜன் உருளை வெறுமையாக இருந்தது. மாற்று உருளையை இணைத்து இயக்குவதற்குள் அவர் இறந்துவிட்டார். மருத்துவர்கள் மீது தொடுக்கப்பட்ட குற்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. தலைமை நீதிபதி ஆர். சி. லகோத்தி 2005 ஆகஸ்டில் எழுதிய தீர்ப்பு போலம் அளவுகோலை இந்தியச் சட்டமாக முழுமையாக ஏற்றதுடன், இழப்பீட்டுக்குப் போதுமான கவனக்குறைவு சிறைக்குப் போதாது, குற்றமாக வேண்டுமானால் அது மிகக் கொடிய அளவில் இருக்க வேண்டும் என்று வேறுபடுத்தியது. தனிநபர் புகாருக்கு இன்னொரு தகுதியான மருத்துவரின் கருத்து ஆதாரமாக வேண்டும்; காவல் அதிகாரி, இயன்றவரை அரசு மருத்துவரிடம், சார்பற்ற கருத்துப் பெற்ற பிறகே நடவடிக்கை எடுக்க வேண்டும்; வழக்கமான கைது கூடாது என்பன அதன் கட்டளைகள். வழக்குக்கு அஞ்சி நடுங்கும் கையால் நல்ல அறுவை செய்ய இயலாது என்ற கவலை அத்தீர்ப்பு முழுவதும் தொனிக்கிறது. கவலை நியாயமானதுதான். ஆனால் காலியான ஆக்சிஜன் உருளை எந்த மருத்துவப் பிரிவின் கருத்து வேறுபாட்டுக்கும் உரிய பொருளன்று. அது நிருவாகத்தின் அசட்டை. அந்த அசட்டைக்கு மருத்துவரைச் சிறைக்கு அனுப்புவது முறையல்ல என்று நீதிமன்றம் கண்டது சரியே என்றாலும், கோட்பாட்டை நிறுவ அவ்வழக்கு பொருத்தமான கருவியாக இருக்கவில்லை.

குற்றவியலுக்காக ஏற்படுத்திய இந்த வடிகட்டியை நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு 2009-இல் நுகர்வோர் மன்றங்களுக்கும் நீட்டினார்: வல்லுநரின் கருத்து வராமல் மருத்துவருக்கு அறிவிப்பே அனுப்பக் கூடாது. மறு ஆண்டே, மலேரியாவை டைபாய்டு என்று கொண்டு சிகிச்சை செய்த ஐதராபாத் மருத்துவமனையின் வழக்கில் இன்னொரு அமர்வு அதை மறுத்தது. குற்ற வழக்குக்குச் சொன்னதை உரிமையியல் புகாருக்குப் பொருத்துவது முன்தீர்ப்புக்கே முரண், எல்லா வழக்குக்கும் வல்லுநர் வேண்டும் என்றால் மலிவும் விரைவுமான தீர்வு என்ற சட்டத்தின் நோக்கமே அழியும் என்பது அதன் காரணம். இந்த இரண்டாவது கருத்தே நிலைத்தது.

இசைவு பற்றிய வழக்குகளில் இந்த இழுபறி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நோயறியும் உள்நோக்கிச் சோதனைக்கு மட்டும் இசைந்து மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே காத்திருந்த தாயிடம் கேட்டுவிட்டு அகற்றிய தில்லி மருத்துவரின் வழக்கில், 2008 சனவரியில் நீதிபதி ஆர். வி. இரவீந்திரன் எழுதிய தீர்ப்பு, ஒன்றுக்குக் கொடுத்த இசைவு மற்றொன்றுக்கு ஆகாது, தெளிந்த மனமுள்ள பெரியவருக்காக வேறு எவரும் இசைவு தர முடியாது என்று உறுதியாகக் கூறியது. ஆனால் நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற இடத்தில் அமெரிக்க முறையின் முழுத் தகவல் கோட்பாட்டை ஏற்காமல், பொறுப்புள்ள மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு போதும் என்று நின்றுவிட்டது. விதித்த இழப்பீடு 25,000 ரூபாய். அந்த அளவுகோல் பிறந்த நாடே 2015-இல், ஸ்காட்லாந்துத் தாய் ஒருவரின் வழக்கில், நோயாளி எதைத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்பதே அளவு என்று அதைக் கைவிட்டது.

தொகைகளில் ஏற்பட்ட மாற்றம் வேறு வகையில் வியப்பளிப்பது. 1998-இல் கொல்கத்தாவில் தோல் நோய்க்கு அளவு மீறிய ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டு இறந்த, அமெரிக்காவில் வாழ்ந்த குழந்தை உளவியலாளர் ஒருவரின் கணவர் தொடுத்த வழக்கில், குற்றவியல் குற்றச்சாட்டிலிருந்து மருத்துவர்கள் விடுபட்டனர். இழப்பீடு மட்டும் 2013 அக்டோபரில் ஏறத்தாழ 6 கோடியாகவும், வட்டியோடு சுமார் 11 கோடியாகவும் உயர்ந்தது. வழக்கு நடத்திய கணவரும் ஒரு மருத்துவர். இறந்தவரின் ஊதியத்தை ஒட்டிக் கணக்கிடும் முறையில் ஏழையின் உயிருக்குக் குறைந்த மதிப்பே கிடைக்கும் என்ற குறையை இத்தீர்ப்பு மறையச் செய்யவில்லை. தமிழக அரசுக்கு எதிராக 2015 சூலையில் முடிந்த வழக்கு அதிலிருந்து வேறுபட்டது. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரத்தில் 1,250 கிராம் எடையோடு பிறந்த குழந்தைக்கு, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் நோய்க்கான சோதனை செய்யப்படவில்லை. பெற்றோரிடம் அந்த ஆபத்து சொல்லப்படவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய ஆணையம் 5 இலட்சம் விதித்ததை, வருங்கால மருத்துவச் செலவையும் விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தியது. சம்பாதிக்கத் தொடங்காத ஒரு குழந்தையின் இழப்பை அதன் தேவையைக் கொண்டு அளந்த தீர்ப்பு என்ற வகையில், தொகை சிறிதானாலும், இது கொல்கத்தா வழக்கைவிடப் பெரியது.

1986-இன் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-இன் நுகர்வோர் சட்டத்தின் வரைவில் மருத்துவ நலம் என்ற சொல் இருந்து, நிறைவேறும்போது நீக்கப்பட்டது. அதனால் மருத்துவர்கள் விலக்கப்பட்டுவிட்டனர் என்ற வாதத்தை பம்பாய் உயர் நீதிமன்றமும், 2022-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2024 சூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் இறப்பை உண்டாக்குவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று உயர்த்தி, பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் அதை இரண்டாண்டில் நிறுத்தியது. எனினும் முன்பு போல அபராதத்தோடு விட்டுவிடும் வழி அதில் இல்லை. அதே ஆண்டு மே மாதம், வழக்கறிஞர்களின் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வு, மருத்துவர்களைப் பற்றிய 1995-இன் தீர்ப்பையும் மறுபார்வை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. நீதிமன்றத்துக்குள் அன்றாடம் பணிசெய்யும் தொழிலுக்கு நீதிமன்றமே விலக்களித்த விந்தை மருத்துவர்களின் கண்ணுக்குத் தப்பவில்லை. நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்த மறுபார்வைக்குத் தேவை எழவில்லை என்று பரிந்துரையை முடித்துவைத்தது. 1995-இன் தீர்ப்பே நடைமுறையில் தொடர்கிறது.